பந்தின் அளவு

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடப் புத்தகத்துக்கு வெளியே சின்னப் பையன்களுக்கு என்ன கொடுக்கலாம் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஆண்கள் பள்ளிகளில் இருக்கின்றன. பணக்காரப் பள்ளிகள், கட்டணப் பள்ளிகள். நம் ஊருக்கும் அவற்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனாலும் அங்கே போய்விட்டு வருவோம்.

1892இல் அங்கே சில தலைமையாசிரியர்கள் ஒன்றுகூடினார்கள். எல்லாருமே இளம் பையன்களுக்கான பள்ளிகளை நடத்தியவர்கள். பையன் எட்டு வயது வாக்கில் சேருவான். பதின்மூன்றில் ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்ற பெரிய பள்ளிக்குப் போவான். இடைப்பட்ட அந்த ஐந்து வருடம்தான் இவர்கள் கையில். பிரெப் ஸ்கூல் என்பார்கள். அவர்கள் கூடியது லத்தீனைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ பேச என்று நினைப்போம். இல்லை. சின்னப் பையன்கள் ஆடும் கிரிக்கெட் பந்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்று பேசக் கூடினார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் பிரெப் பள்ளிகளின் சங்கமே பிறந்தது. சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பெரியவர்கள் ஆடும் பந்து 156 முதல் 163 கிராம் வரை. பத்து வயதுப் பையன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். விரல் தையலுக்கு எட்டாது. எறிந்தால் தோள் வலிக்கும், பிடிக்கப்போனால் சுண்டுவிரல் போகும். இதற்கு நாம் என்ன செய்வோம்? ஒன்று, 'பழகிக்கொள்ளட்டும்' என்று அதையே கொடுப்போம். இல்லையென்றால் ஒரு ரப்பர் பந்தை வாங்கிப் போட்டு, 'விளையாடுங்கடா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இன்று அங்கே சிறுவர்களுக்கென்று இருக்கும் பந்து நாலே முக்கால் அவுன்ஸ், ஏறக்குறைய 135 கிராம். அதே தோல், அதே கார்க், அதே தையல். கையில் அடங்குகிறது, ஸ்விங் ஆகிறது, பட்டால் வலிக்கவும் செய்கிறது. அளவு சிறியது, ஆனால் பொருள் அசல். இன்றைக்கு நான் பேசப்போவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு உதாரணங்கள்.

விளையாட்டு எப்படிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது என்ற கதையை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது அவ்வளவு அழகான கதை இல்லை. ரக்பி பள்ளியில் ஆடிய கால்பந்துக்கு 1845இல் முதன்முதலாக விதிகளை எழுதிவைத்தவர்கள் ஆசிரியர்கள் அல்லர், மாணவர்கள். ஆட்டம் அவர்களுடைய சொத்தாக இருந்தது. ஆறு வருடம் கழித்து, 1851இல், மார்ல்பரோ என்ற இன்னொரு பள்ளியில் பையன்கள் பெரும் கலகம் செய்தார்கள். பட்டாசு வெடித்தது, ஜன்னல்கள் உடைந்தன. அதற்கு முன்பே அந்தப் பையன்களுக்கு ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் காடுகளிலும் அலைந்து திருட்டு வேட்டையாடுவதுதான் வழக்கம். மறுவருடம் ரக்பியிலிருந்து ஜார்ஜ் காட்டன் என்பவர் தலைமையாசிரியராக வந்தார். அவர் கண்டுபிடித்த மருந்து, ஒழுங்குபடுத்திய விளையாட்டு. பையன்களை மைதானத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். களைத்துப்போய் ராத்திரி தூங்கிவிடுவார்கள். இளம் ஆசிரியர்களையும் கூடவே இறக்கிவிட்டார். மருந்து பலித்தது. பலித்ததால் எல்லாப் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன. சில பத்தாண்டுகளில் விளையாட்டு கட்டாயமாகிவிட்டது. பெரிய பள்ளிக்குப் போகிற பையன் அங்கே ஆடத் தெரிந்தவனாகப் போக வேண்டும் என்று பிரெப் பள்ளிகளும் பிடித்துக்கொண்டன.

காட்டனின் மீதிக் கதை நம் பக்கம் வருகிறது. 1858இல் கல்கத்தாவின் பிஷப்பாக வந்தார். 1866இல், இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியா அருகே, ஆற்றில் நின்ற கப்பலுக்கு ஏறப்போகும்போது தவறி விழுந்து மூழ்கிப்போனார். சிம்லாவிலும் பெங்களூரிலும் அவர் பெயரில் பள்ளிகள் உண்டு. பெங்களூர்ப் பள்ளி 1865இல் தொடங்கியது. நம் மாமா, சித்தப்பாக்களில் சிலர் அங்கே படித்திருப்பார்கள். நம் நாட்டில் ஆங்கிலவழி ஆண்கள் பள்ளி என்றாலே ஹவுஸ், கேப்டன், கோப்பை என்று ஒரு சடங்கு இருக்கிறதே, அது ஓடி வந்த வாய்க்கால்களில் இது ஒன்று.

காட்டனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பையன்கள் தாங்களே விதி எழுதி ஆடிய ஆட்டம், இரண்டு தலைமுறைக்குள் பெரியவர்கள் பையன்களைக் கட்டிவைக்கும் கயிறாக மாறிவிட்டது.

அந்தக் கயிற்றில் கட்டுண்ட ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எரிக் பிளேர். பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் எழுதியவர். 1911இல், எட்டு வயதில், தெற்குக் கடற்கரையில் ஈஸ்ட்போர்ன் என்ற ஊரில் செயின்ட் சிப்ரியன்ஸ் என்ற பிரெப் பள்ளியில் சேர்ந்தார். ஐந்து வருடம் இருந்தார். அந்தப் பள்ளியை அவர் மன்னிக்கவே இல்லை. அதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை அவர் இறந்த பிறகு 1952இல் அமெரிக்காவில் வெளியானது. அவதூறு வழக்குப் பயத்தில் இங்கிலாந்தில் 1968 வரை யாரும் அச்சிடவில்லை. கூடப் படித்தவர்களில் சிலர், இவர் மிகைப்படுத்துகிறார் என்றும் சொன்னார்கள். இருக்கலாம். நமக்கு இங்கே வேண்டியது வேறு.

அந்தக் கட்டுரையில் கால்பந்தைக் கண்டு அவர் எப்படி நடுங்கினார் என்று எழுதுகிறார். அவருக்கு அது ஆட்டமாகவே படவில்லை; ஒருவகை அடிதடியாகத்தான் பட்டது. பலமுள்ளவன் பலமில்லாதவனை மிதிப்பதற்குப் பள்ளியே அனுமதி கொடுத்த நேரம். குளிர், சேறு, எங்கிருந்தோ பாய்ந்து வரும் பந்து. அத்தனை கசப்புக்கும் நடுவில் ஒரு பத்தி மட்டும் வேறு வெளிச்சத்தில் இருக்கிறது. ஓர் ஆசிரியர், சில பையன்களை மட்டும் கூட்டிக்கொண்டு, சிறிய கிளை ரயிலில் ஏறி, பட்டாம்பூச்சி பிடிக்கப் போவார். மத்தியானம் முழுக்கப் பச்சை வலைகளோடு ஓட்டம். புல்லுக்கு மேலே தும்பிகள். பூச்சியைப் போட்டு மூடும் மருந்துச் சீசாவின் விபரீதமான வாசனை. பிறகு ஒரு விடுதியில் தேநீர், பெரிய பெரிய கேக் துண்டுகள். ரயில் போனது சில மைல்தான். ஆனால் பள்ளிக்கும் தனக்கும் நடுவே மாயம்போல ஒரு தூரம் விழுந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

அந்தப் பையனுக்கு முப்பது வருடம் கழித்தும் சீசாவின் வாசனை நினைவிருக்கிறது. அதுதான் என் உதாரணம். பூச்சியும் அசல், விஷமும் அசல். கூட வந்த ஆசிரியருக்கும் பூச்சிமேல் அசலான பித்து. பையன்களை மேய்ப்பதற்காக அவர் வரவில்லை; பையன்கள் இல்லாவிட்டாலும் வலையை எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. தலைமையாசிரியரின் மனைவி இதையெல்லாம் கேலி செய்தாளாம், குழந்தைக் குரலில் கொஞ்சுவதுபோல. ஆண்கள் மட்டுமே படிக்கிற பள்ளியில் இது ஒரு பெரிய ஆபத்து. எது ஆண்மை என்று ஒரே ஒரு நாணயம் செலாவணியில் இருக்கும். பெரும்பாலும் அது பந்தாக இருக்கும். அது கையில் இல்லாத பையன் அங்கே பிச்சைக்காரன். பூச்சி பிடிக்கிறவன், படம் போடுகிறவன், பாடுகிறவன் எல்லாருக்கும் ஒரு கொஞ்சல் குரல் காத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டாவது நாணயம் ஒன்றை அச்சடிக்கிற ஆசிரியர் சாதாரணமான ஆள் இல்லை.

இப்போது நான் மிகவும் ஆசைப்பட்டுப் பேச வந்த பள்ளிக்கு வருகிறேன். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், மால்வர்ன் குன்றுகளின் அடிவாரத்தில், கோல்வால் என்ற கிராமம். அங்கே தி டவுன்ஸ் என்ற பள்ளி, 1900இல் குவேக்கர் கிறித்தவர்கள் தொடங்கியது. அன்றைக்குப் பையன்களுக்கு மட்டும். இப்போது பெண்பிள்ளைகளும் படிக்கிறார்கள். 1920 முதல் இருபது வருடம் ஜெஃப்ரி ஹாய்லண்ட் என்பவர் தலைமையாசிரியர். அவர் மனைவி கேட்பரி சாக்லேட் குடும்பத்துப் பெண். அதனால் பணம் அவ்வளவாக இடைஞ்சல் செய்திருக்காது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

1925இல் ஹாய்லண்ட் பள்ளி வளாகத்தில் ஒரு ரயில் பாதை போட ஆரம்பித்தார். பொம்மை ரயில் என்று நினைக்க வேண்டாம். தண்டவாளங்களுக்கு நடுவே முதலில் ஏழே கால் அங்குலம்; பிறகு ஒன்பதரை அங்குலமாக மாற்றினார்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் இழுத்தது நிலக்கரி எரிக்கும் நீராவி எஞ்சின். ஓட்டியதும் பராமரித்ததும் பையன்கள். அந்தப் பாதை இன்றும் அங்கே இருக்கிறது, இன்றும் பிள்ளைகள்தான் ஓட்டுகிறார்கள்.

நீராவி எஞ்சினை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது புரியும். சாவியைத் திருகினால் கிளம்புகிற வண்டி இல்லை அது. முந்தின ஓட்டத்தின் சாம்பலை வாரி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் நிரப்ப வேண்டும். உராயும் இடம் ஒவ்வொன்றுக்கும் தேடித்தேடி எண்ணெய் விட வேண்டும். நெருப்பு மூட்டிவிட்டு, அழுத்தமானியின் முள் மெல்ல ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அள்ளிக் கரியைப் போட்டால் நெருப்பு மூச்சு முட்டிப் புகையும். போடாமல் விட்டால் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிறு கண்ணாடிக் குழாய்; கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். அதிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. அடுப்பின் கூரைக்கு மேலே தண்ணீர் இல்லாமல் போனால் பெரிய எஞ்சினில் என்ன ஆபத்தோ, அதேதான் இதிலும். எஞ்சின் சின்னது என்பதற்காக நீராவி இரக்கம் காட்டாது.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் இதை ஒப்படைக்கும்போது, அவனுக்கு நாம் என்ன சொல்கிறோம்? வாயால் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. 'பொறுப்புணர்வை வளர்க்கும் செயல்பாடு' என்று அறிக்கையில் எழுதவும் வேண்டியதில்லை. கொடியைக் காட்டுகிறவன் ஒருவன், சிக்னலைப் பார்க்கிறவன் ஒருவன், பின்னால் ஏழெட்டுச் சின்னப் பையன்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். தப்பு செய்தால் வண்டி சொல்லும். ஆசிரியர் திட்டத் தேவையே இல்லை.

அதே பள்ளியில் மாரிஸ் ஃபீல்ட் என்ற ஓவிய ஆசிரியர். பையன்களுக்கு அவர் எண்ணெய் வண்ணம் கொடுத்தார். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணுக்கு எதிரே இருப்பதைப் பார்த்து வரையச் சொன்னார். மலையும் சூரியனும் இரண்டு தென்னையும் ஒரு குடிசையும் என்று நம் பிள்ளைகள் மனப்பாடமாகப் போடுகிற படம் இருக்கிறதே, அதற்கு நேர் எதிர். அவரிடம் கற்ற லாரன்ஸ் கவிங் பின்னாளில் பெயர்பெற்ற ஓவியர், வெர்மீரைப் பற்றி முக்கியமான நூல் எழுதியவர், லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியின் பேராசிரியர். 1932 முதல் மூன்று வருடம் அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். பள்ளிக்கு 'பேட்ஜர்' என்ற பத்திரிகை வரக் காரணமாக இருந்தவர் அவர். ஒரு மகாகவி ஏன் பத்து வயதுப் பையன்களின் பத்திரிகையோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். சம்பளத்துக்காக வாத்தியார் வேலைக்கு வந்த இளைஞர்தான் அப்போது அவர், இருபத்தைந்து வயது. ஆனாலும் வேலையை ரசித்துச் செய்தார். அங்கே புல்வெளியில் படுத்துக்கிடந்த ஒரு கோடை இரவைப் பற்றி எழுதிய கவிதையை ஹாய்லண்டுக்கே காணிக்கையாக்கினார்.

ஆலன் ஹாட்ஜ்கினும் அந்தப் பள்ளியில் படித்தவர். நரம்பில் சைகை எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக 1963இல் நோபல் பரிசு. ஃபிரெட்ரிக் சாங்கர் ஒன்பது வயதில் அங்கே சேர்ந்தார்; வேதியியலுக்கு 1958இலும் 1980இலும் இரண்டு நோபல். சிந்திப்பது, பேசுவது, செய்வது மூன்றில் தனக்குச் செய்வதுதான் பிடிக்கும் என்று சாங்கர் பின்னாளில் எழுதினார். ஆனால் ரயில் ஓட்டினால் நோபல் கிடைக்கும் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதமே 'நோபல் ரயில் கோச்சிங்' என்று போர்டு தொங்கும். வீட்டுப் பின்னணி, வசதி, புத்திசாலித்தனம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்கள். கையால் செய்கிறவனுக்கு மரியாதை இருந்த ஒரு பள்ளியில் சிறுவயதில் இருந்தார்கள் என்பது மட்டும்தான் நான் சொல்வது.

1935 ஜூலை 5 அன்று அந்தப் பள்ளிக்கு ஆடனைப் பார்க்க ஓர் இளைஞர் காரில் வந்தார். ஆவணப்பட வேலையாக, ஓர் இயக்குநரோடு. பெயர் பெஞ்சமின் பிரிட்டன். அடுத்த வருடம் ஆடன் கவிதை எழுத, பிரிட்டன் இசையமைக்க, இரவில் தபால் கொண்டுபோகும் ரயிலைப் பற்றி ஒரு படம் வந்து புகழ்பெற்றது. ரயில் ஓடும் பள்ளியில் சந்தித்தவர்கள் ரயில் படம் எடுத்தார்கள். இது வெறும் தற்செயல், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

பிரிட்டனைக் கொண்டுவந்ததற்கு வேறு காரணம். அப்போது அவர் ஒரு பாட்டுத் தொகுப்பை முடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் ராபர்ட், வேல்ஸில் பிரெஸ்டாட்டின் என்ற கடலோர ஊரில் க்ளைவ் ஹவுஸ் என்ற சின்ன ஆண்கள் பள்ளியின் தலைமையாசிரியர். அங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் பாட்டு வகுப்பு. அண்ணனின் பையன்கள் பாடுவதற்காகப் பிரிட்டன் 1933க்கும் 1935க்கும் நடுவே பன்னிரண்டு பாட்டுகள் எழுதினார். தொகுப்பின் பெயரே 'வெள்ளிக்கிழமை மத்தியானங்கள்'.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குயில் பாட்டு. ஒரு பகுதிப் பையன்கள் மெட்டைப் பாட, இன்னொரு பகுதி 'குக்கூ, குக்கூ' என்று இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மிகச் சுமாராகப் பாடுகிறவனுக்கும் அந்த இரண்டு சுரம் வரும். வந்துவிட்டால் அவனும் இசைக்குள் வந்துவிட்டான். அவனில்லாமல் அந்தப் பாட்டு நிற்காது. கடைசிப் பாட்டு ஓர் ஊர்க் கிழவன் செத்துப்போனதைப் பற்றியது, சவ ஊர்வல நடை. ஒரே மெட்டை ஒரு குழு தொடங்க, சற்றுத் தள்ளி அடுத்த குழு தொடங்க, இப்படி நாலு குழுவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஓரிடத்தில் அதே மெட்டு இரண்டு மடங்கு மெதுவாக அடியிலும் போகும். சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு மெட்டுதான். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது பையன்களுக்கே முதுகு சில்லிடும். குழந்தைப் பாட்டு என்று சொல்லி அவர் இசையில் ஓர் இழைகூடக் குறைக்கவில்லை. பையனின் குரல் எட்டும் உயரம், மூச்சு நிற்கும் நீளம், இவற்றை மட்டும் அளந்து எழுதினார். 1892இல் பந்துக்குச் செய்ததைத்தான் இவர் பாட்டுக்குச் செய்தார். பையனின் அந்தக் குரல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடைந்துவிடும் என்பதால் இதில் தள்ளிப்போடவும் முடியாது.

இன்னொரு பள்ளிக் கதை எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் போய் முடிகிறது. லண்டனில் அந்நாளில் கோலட் கோர்ட் என்று பெயர் கொண்டிருந்த ஆண்கள் பள்ளி. செயின்ட் பால்ஸ் என்ற பெரிய பள்ளியின் இளைய பள்ளி. 1968 மார்ச் 1 அன்று அதன் பழைய கூட்ட அரங்கில், பருவ முடிவுக் கச்சேரியில், பையன்கள் பைபிளிலுள்ள யோசேப்பின் கதையைப் பாப் இசையில் பாடினார்கள். பதினைந்து நிமிடம்தான். பள்ளிக்காகக் கேட்டு எழுதி வாங்கியது. இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பாட்டு எழுதிய டிம் ரைஸுக்கு இருபத்து மூன்று. அந்த மே மாதம் வேறோர் அரங்கில் மறுபடி பாடியபோது சண்டே டைம்ஸ் விமர்சகர் ஒருவர் கேட்டுவிட்டுப் பாராட்டி எழுதினார். அவர் அங்கே வந்த காரணம், அவர் மகன் பாட்டுக் குழுவில் இருந்தான்! அந்தப் பதினைந்து நிமிடம் வளர்ந்து முழு நாடகமாகி உலகம் முழுக்கப் போனது. இன்றைக்கும் எங்காவது ஒரு பள்ளியில் அதை ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் நான் நேர்மையானவன் இல்லை. அந்தப் பள்ளியிலும் அதன் பெரிய பள்ளியிலும் பல பத்தாண்டுகளாகப் பையன்கள்மேல் பாலியல் அத்துமீறல்கள் நடந்ததாகப் பின்னாளில் முன்னாள் மாணவர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரணை நடந்தது, முன்னாள் ஆசிரியர்கள் சிலருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. பாட வகுப்பில் முப்பது பேர் நடுவில் ஆசிரியர் நிற்கிறார். ஒத்திகை, முகாம், பயிற்சி, சுற்றுலா எல்லாம் மணி அடித்த பிறகு நடக்கிறவை; பெரியவரும் பையனும் நெருங்கிப் பழகுகிறவை. பித்துள்ள ஆசிரியர் வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசினேன். அந்தப் பித்து பொருளின்மேல் இருக்க வேண்டும். அதைப் பக்கத்திலிருந்து இன்னொரு பெரியவர் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்கட்டும், பையனை ஒருவர் மட்டும் தனியே அழைத்துப் போகக் கூடாது, பையன் வீட்டில் வந்து ஏதாவது சொன்னால் 'சார் அப்படிப்பட்டவர் இல்லை' என்று வாயை அடைக்கக் கூடாது. நல்ல பெயருள்ள பள்ளி, கெட்டிக்கார ஆசிரியர் என்பதெல்லாம் இதற்கு ஈடாகாது. 'பையன்தானே, என்ன ஆகிவிடப்போகிறது' என்று நாம் விடுகிற இடம்தான் இது.

கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் பாட்டுப் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினாறு பையன்கள். கல்லூரியைத் தொடங்கிய ஆறாம் ஹென்றி மன்னர் பதினைந்தாம் நூற்றாண்டில் வைத்த எண்ணிக்கை. பக்கத்துப் பள்ளியில் படித்துக்கொண்டே, பருவ நாட்களில் வாரத்தில் பெரும்பாலான மாலைகளில் வழிபாட்டில் பாட வேண்டும். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது, வேலை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை வழிபாட்டை பிபிசி வானொலி 1928 முதல் ஒலிபரப்புகிறது. முதல் பாட்டின் முதல் பகுதியை ஒரே ஒரு பையன், துணை இசை ஏதும் இல்லாமல், தனியாகப் பாட வேண்டும். உலகமே கேட்கும். யார் அந்தப் பையன்? அது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. சிலரைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். ஒலிபரப்பு தொடங்கச் சில நொடிகள் இருக்கும்போது இசை இயக்குநர் ஒருவனைப் பார்த்துக் கை காட்டுவார். அவன் பாட வேண்டியதுதான்.

முதலில் இது கொடுமை என்றுதான் எனக்குப் பட்டது. யோசித்தால், நேர் எதிர். முந்தின ராத்திரி அந்தப் பையன் தூங்கியிருப்பான். பயப்பட அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அவன் அம்மா ஒரு மாதம் முன்னாலிருந்தே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்க முடியாது. நம் ஊராக இருந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், தாத்தா வீட்டுக்கு வீடியோ கால், தெருமுனையில் ஃப்ளெக்ஸ் எல்லாம் ஆகியிருக்கும். பாட்டின் கஷ்டத்தை அவர்கள் குறைக்கவில்லை. அதன்மேல் பெரியவர்கள் ஏற்றிவைக்கிற பாரத்தை மட்டும் இறக்கிவைத்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம், சுருக்கமாக. நம் தனியார் பள்ளிகளில் ஆக்டிவிட்டி ஃபீஸ் என்று ஒன்று வாங்குகிறார்கள். அபாகஸ், கராத்தே, கீபோர்டு, ரோபாட்டிக்ஸ். எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லெவல் ஏறி, பெல்ட் நிறம் மாறி, சர்டிபிகேட்டை லேமினேட் செய்து மாட்டுகிறோமே, அந்தப் பையன் கையில் ஏதாவது அசலாக இருந்ததா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்தால் எல்லாத் துண்டும் வெட்டித் தயாராக, எங்கே எதைச் செருகுவது என்று படம் போட்டிருக்கிற ரோபோ, தப்பாகவே போக முடியாத ரோபோ, அது ரப்பர் பந்து. ஐந்தாம் வகுப்புப் பையன் நீட் பயிற்சிக்குப் போவது பெரியவர் பந்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் இருக்கிறது. செயினைக் கழற்றி, ஃப்ரீவீலைத் துடைத்து, பஞ்சரை அவனே ஒட்டட்டும். காற்று நிற்கிறதா என்பதைத் தண்ணீர்த் தொட்டி சொல்லும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

வரும்போது வாசலில் ஒரு ஆசிரியை கேட்டார்: "எங்க ஸ்கூல்ல மைதானமே இல்லைங்க சார், நாங்க என்ன பண்றது?" ரயிலுக்கு நிலம் வேண்டும், எண்ணெய் வண்ணத்துக்குக் காசு வேண்டும். பாட்டுக்கு இரண்டும் வேண்டாம். ஒரு வகுப்பறை, மெட்டு தெரிந்த ஒரு ஆசிரியர், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். குழந்தைகளுக்கென்று நீர்த்துப்போன பாட்டாக எடுக்காதீர்கள். உங்களுக்கே பிடித்த பாட்டாக எடுங்கள், சுருதியை மட்டும் அவர்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். சுமாராகப் பாடுகிறவனுக்கு இரண்டு சுரம் ஒதுக்குங்கள். வருடக் கடைசியில் மேடை வேண்டுமா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றாலும் குடி முழுகிப்போகாது.

ஒரே ஒரு நிபந்தனை. சிலபஸ் முடியவில்லை என்று அந்தப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கக் கூடாது. வாங்கினால் திருப்பித் தருவதில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள், என்ன பாடம் எடுக்கிறவர்கள் என்று புரிகிறது. முதல் கேள்வியை அவர்களே கேட்கட்டும்.